கேப்டனுக்கு வந்த தந்தி

அன்புள்ள பிலோமி,

கடலின் பேரிலும், கடலுக்கு மேலே இருக்கிறவர் பேரிலும், என் தோணியின் பாய்மரத்தின் பேரிலும் ஆணையிட்டுச் சொல்கிறேன்: இப்போது நான் எழுதப்போகும் கதையை ஒரு மனிதப் பிறவியும் நம்பாது. உன் அம்மா முதல் வரியிலேயே “தொடங்கிட்டான்” என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விடுவாள். மணியாச்சி தாண்டும்வரை பிரிக்கக்கூடாது என்று உறைமேல் எழுதியிருக்கிறேன். தூத்துக்குடி பிளாட்பாரம் கண்ணைவிட்டு மறைவதற்குள் நீ பிரித்திருப்பாய். கால்பந்தில் கோலுக்கு முன்னால் காவல் நிற்கிற ஸ்டாப்பர் பேக்குக்குப் பொறுமைதான் முதல் ஆயுதம் என்று டீம் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் எடுப்பவள் நீ. வேகாத மீனைச் சட்டியிலிருந்து எடுத்துத் தின்பவளும் நீதான்.

இந்த வயதில் என்னைப் பேனா பிடிக்க வைத்தது உன் வாய். நேற்று நீ மதராஸ் கேம்புக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டே சொன்னாயே, “மாமா, கேம்ப்ல கோச்சம்மாவப் பாத்ததும் மொதக் கேள்வி ஒங்களப் பத்தித்தான். மூணு வருசத்துக்கு முன்னால ஒரு கேப்டன் வந்தாவளே, ஞாபகம் இருக்கான்னு கேக்கப்போறேன்” என்று. வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். பனைமர உயரத்து அலைகளில் ஏறி இறங்கும்போது சீட்டி அடித்தவன் நான். நேற்று அந்தச் சிரிப்பு அடங்குமுன்னே எழுந்துபோய்க் காகிதம் தேடினேன். திங்கட்கிழமை காலையில் நீ அந்த மைதானத்தில் நிற்பாய். உன் கேள்வி அந்த அம்மாள் காதில் விழுவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கண்ணில் பட்டாக வேண்டும். ஆகவே, கல்யாண வீடுகளிலும் மாதா கோவில் திருநாளிலும் நூறு தடவை நீ கேட்ட அதே கதையைக் கடைசியாக ஒரு தடவை முழுதாகச் சொல்கிறேன். எந்தப் பலகை உளுத்தது என்று உனக்கே தெரியட்டும்.

நான் கொழும்புத் தோணியின் தண்டல். தோணியை நடத்திப் போகிறவனுக்கு இந்தத் துறைமுகத்தில் அதுதான் பேர். ஆனால் என் பெருமைக்கு அந்தப் பேர் போதவில்லை. நான் கடலில் இறங்கினால் திமிங்கிலங்கள் ஒதுங்கி வழிவிடும்; என் மீசையில் காய்ந்த உப்பைத் தட்டி எடுத்து நம் தெருவில் ஒரு குடும்பம் ஒரு மாதம் குழம்பு வைத்தது. அப்படிப்பட்டவன் வெறும் தண்டலா? வாசலில் ஒரு பலகை மாட்டினேன். பச்சைப் பெயின்டில் ‘கேப்டன்’ என்று ஒரே ஒரு வார்த்தை. தெரு சிரித்தது. சிரித்துக்கொண்டே கூப்பிடவும் பழகிக்கொண்டது.

நீ கான்வென்ட் டீமுக்குக் கேப்டன் ஆனதற்குப் பலகை எதுவும் தேவைப்படவில்லை. பதினோரு வயதில், தோணி கரையேறிக் கிடந்த ஒரு சாயங்காலம், என் ஆட்கள் கடற்கரையில் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பெரிய உருப்படி ஒருவன் பந்தோடு ஓடி வந்தபோது நீ எங்கிருந்தோ வந்து குறுக்கே நின்றாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவன் மணலில் கிடந்தான், பந்து உன் காலில் இருந்தது. “ஆளப் பாத்தாத்தான் மாமா பயமா இருக்கும். நான் பந்த மட்டும்தான் பாத்தேன்” என்றாய். அன்றைக்கே கான்வென்ட் விளையாட்டு டீச்சர் உன்னைக் கடைசி வரிசையில் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எல்லாரும் கோல் போட ஆசைப்படும் ஆட்டத்தில், கோல் விழாமல் நிற்பதற்கென்று ஒருத்தி பிறந்திருக்கிறாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பெண்பிள்ளைகள் பந்து விளையாடுவதைப் பார்க்கத் துறைமுகமே மைதானத்துச் சுவரில் ஏறி உட்காரும். ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்களா அவர்கள்? அவர்கள் வாயிலிருந்து வந்ததையெல்லாம் நீயும் கேட்டாய். ஒரு நாளும் சுவர்ப்பக்கம் தலை திரும்பவில்லை.

ஆஃப்சைடு பொறியை நீ எனக்குச் சொல்லித்தந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? குசினியில் அடுப்புக்கு முன்னால் தரையில் நாலு வெங்காயத்தை வரிசையாக வைத்தாய். “இந்த நாலும் நாங்க. எதிராளி இங்கன வாரா. அவளுக்குப் பந்த அடிக்கதுக்கு ஒரு நொடி முன்னால நாலு பேரும் ஒண்ணா முன்ன ஏறிரணும். அவ எங்களுக்குப் பின்னால தனியா மாட்டிக்கிடுவா. ரெஃப்ரி விசில் ஊதிருவாரு. ஒருத்தி மட்டும் ஏறாம பின்னால நின்னுட்டான்னு வைங்க, எல்லாம் போச்சு. நம்மளே கதவத் தொறந்துவிட்ட மாதிரி.” அம்மா குனிந்து ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு போனாள். “ஏளா, கொழம்புக்குக் கெடந்ததே நாலு வெங்காயம். ஒம் பொறியக் கொண்டுபோய் கடற்கரையில வையி.” “பாத்தியளா மாமா, கோல்!” என்று நீ கத்தினாய். நாங்கள் பாய் ஏற்றும்போது போடும் ‘ஏத்தேய்’ என்ற கூச்சலைத்தான் நீ மைதானத்தில் பொறிக்குக் கட்டளையாக வைத்தாய். எதிர் டீம் பிள்ளைகள் அது ஏதோ ஜெபம் என்று நினைத்தார்களாம்.

பாளையங்கோட்டையில் நடந்த போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். நீ ‘ஏத்தேய்’ என்றாய். மூன்று பேர் ஏறினீர்கள். நாசரேத்து ஜெபமணி அவிழ்ந்த ரிப்பனைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். கோல் விழுந்தது; தோற்றீர்கள். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு “யாரு நின்னது?” என்று கேட்டபோது நீ சொன்னாய்: “நான் கூப்பிட்டது பிந்திட்டு டீச்சர்.” ஜெபமணி தலையைக் குனிந்துகொண்டாள். ரிப்பனை நான் என் கண்ணால் பார்த்தவன். கேப்டன் என்றால் என்னவென்று அன்று முதல் முறையாகப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து என் பலகையைப் பார்த்தேன். கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை.

தோற்ற ஆட்டத்திலும் உன்னை யாரோ பார்த்திருக்கிறார்கள். மறு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தந்திக்காரர் சேவியர் சைக்கிளைச் சாய்த்தார். “கேப்டன் அண்ணாச்சி, ஒங்களுக்குத் தந்தி.” விலாசத்தில் ‘கேப்டன்’ என்றும் நம் தெருப் பேரும் மட்டும். அந்தத் தெருவில் பலகை வைத்த கேப்டன் ஒருவன்தானே? உள்ளே இங்கிலீஷில் இவ்வளவுதான்: கேப்டன் தேர்வு. திங்கள் காலை மதராசில் ஆஜர். கிட் கொண்டுவரவும். கீழே ஒரு மைதானத்தின் பேர்.

இனி வருவது புகழ்பெற்ற பகுதி. நான் அப்போது ஸ்டீமர் கம்பெனி ஒன்றுக்கு வேலை கேட்டு மனு போட்டிருந்தேன். ஆகவே தந்தியைப் பார்த்ததும் நெஞ்சு பாய்மரமாகப் புடைத்தது. கம்பெனி என்னைக் கேப்டனாகத் தேர்ந்துவிட்டது! கிட் என்றால் மாலுமி மூட்டை! திசைகாட்டி, மழைக்கோட்டு, சவரக்கத்தி எல்லாம் பைக்குள் போனதாக வீட்டில் அறிவித்தேன். உன் அம்மா நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். நீ வாசல்வரை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். “என்ன மாமா, இப்பிடிக் கனக்கு?” என்றாய். “திசைகாட்டிளா, திசைகாட்டி” என்றேன். எமர்ஜென்சிக் காலம், ரயில் கூட என்னைக் கேட்காமல் நேரத்துக்குக் கிளம்பிவிட்டது.

மதராசில் மைதானத்துக் காவலாளி எனக்கு சல்யூட் அடித்தான். உள்ளே போனால் கப்பலைக் காணோம். நாற்பது பெண்பிள்ளைகள் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். விசிலும் கையுமாக வந்த கோச்சம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, “நீங்கதான் தூத்துக்குடி கேப்டனா?” என்றார்கள். “ஆமா தாயி.” “எந்த இடத்துல ஆடுவீங்க?” “தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவுல எங்க வேணும்னாலும் ஆடுவேன். காத்து அடிச்சா ரொம்ப ஆடுவேன்.” “ஸ்டாப்பரா?” “நங்கூரம் போட்டா நிக்கும்.” பிறகு என்னை நடுவில் நிறுத்தி நாற்பது பேரும் பந்தடித்ததையும், ஒரு பந்து என் தொந்தியில் பட்டுத் தெறித்து மதராஸ் துறைமுகத்தில் ஒரு கப்பலின் புகைபோக்கியை அடைத்ததையும், மூன்று நாடுகள் அதற்கு விளக்கம் கேட்டதையும் நான் சொல்லும்போது ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள். கடைசியில் விஷயம் புரிந்து நான் ஒரு வாளி கண்ணீர் விட்டதாகவும், அதற்குள் உன் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டதாகவும் கதை முடியும்.

நான் திரும்பி வந்து அந்தக் கதையை முதல் முறை சொன்ன அன்று நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. சட்டிக்குள் அகப்பட்ட நண்டுக்கு நேரம் தெரியுமா? பிறகு நீ சிரித்தாய். “கோச்சம்மாகிட்ட நங்கூரம்னா சொன்னிய?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வந்தது. அது எதனால் வந்த தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. நீ சிரித்த அந்த நொடியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். நீ திட்டியிருந்தால் உண்மையைக் கக்கியிருப்பேன். மன்னித்துவிட்டவளிடம் எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் நீ உப்புக் கம்பெனி ஆபீசில் டைப் அடிக்கப் போனாய். உன் மேசை ஜன்னலுக்கு மைதானம் நேர் எதிரே. நடுவில் ஆறு கம்பிகள். மூன்று வருஷம். ஊரார் என்னைக் கல்யாணத்துக்குக் கல்யாணம் இழுத்து உட்கார வைத்து “கேப்டன், அந்த மதராஸ் கதை” என்பார்கள், நானும் சொல்வேன். சொல்லும்போதெல்லாம் கதைக்கு ஒரு கை முளைக்கும், அந்தக் கை என் கழுத்தைப் பிடிக்கும். மன்னார்க் கடலில் காற்றுச் செத்துப்போய் ஆறு நாள் ஒரே இடத்தில் தோணி கிடந்திருக்கிறது. கரை தெரியும், போக முடியாது. அந்த ஆறு நாளைத்தான் மூன்று வருஷமாக வீட்டுக்குள் கழித்தேன்.

இன்னொன்றும் நடந்ததே, அதை நீ மறந்திருக்கமாட்டாய். நான் தந்தியோடு கிளம்பிய மறுநாள், சனிக்கிழமை, உன் பூட்ஸைக் காணோம். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பூட்ஸ். வெறுங்காலோடு ஆடி, பெருவிரல் நகத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்தாய். செவ்வாய்க்கிழமை அது குசினியில் விறகுக்குப் பின்னாலிருந்து கிடைத்தது. விறகு அம்மாவின் ராஜ்யம். “நீங்கதான் ஒளிச்சு வச்சிய. நான் வெளையாடக் கூடாதுன்னு எரிக்கப் பாத்தியளா?” என்று நீ கேட்டாய். “மாதா மேல சத்தியமா நான் தொடலளா” என்று அவள் சொன்னாள். நீ நம்பவில்லை. மைதானத்துக்குப் போகாதே என்று நாள்தோறும் சொன்னவள் அவள், யார்தான் நம்புவார்கள்? ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அப்புறம் பேசினாய், ஆனால் உப்புப் போட்ட சோற்றுக்கும் போடாத சோற்றுக்கும் இருக்கும் வித்தியாசம் அந்தப் பேச்சில் இருந்தது. நேற்றுக்கூடப் பூட்ஸைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாய். அம்மா அதைப் பார்த்துவிட்டு முறுக்கு டப்பாவை மூடினாள். மூடிய டப்பாவை மறுபடியும் மூடினாள்.

இனி உண்மைக்கு வருகிறேன். பழக்கம் இல்லை.

பிலோமி, நான் இன்றுவரை மதராசைக் கண்ணால் கண்டதில்லை. கோச்சம்மாவுக்கு மீசை உண்டு என்று யாராவது சொன்னாலும் எனக்கு மறுக்கத் தெரியாது. நீ அவர்களிடம் என்னைப் பற்றிக் கேட்டால் விழிப்பார்கள். மணியாச்சியில் வண்டி நின்றது, இறங்கிவிட்டேன். வெள்ளி சாயங்காலம் முதல் திங்கள்வரை அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் கரிசல், பஞ்சு மூட்டைகள், வெயில். மதராஸ் போகும் வண்டியும் வந்தது, தூத்துக்குடி போகும் வண்டியும் வந்தது. இரண்டும் எனக்கு எதிரே நின்றன. ஒன்றில் ஏறினால் கேம்ப் நடத்துகிறவர்களிடம் போய், “பிள்ளை நாளைக்கு வருவா” என்று சொல்லியிருக்கலாம். மற்றதில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் தந்தியை உன் கையில் கொடுத்திருக்கலாம். டீக்கடைக்காரர், “அண்ணாச்சி எங்க போவணும்?” என்றார். “யோசிச்சுக்கிட்டு இருக்கேன்” என்றேன். திங்கட்கிழமை ஸ்டேஷன் கடிகாரம் பத்தைத் தாண்டியபோது யோசனை முடிந்தது. இனி யாரும் போக முடியாது என்று ஆனபிறகு ஊர் திரும்பினேன்.

ஏன் என்றால், சொல்கிறேன். உன் அப்பா கொழும்புக்கு என் தோணியில்தான் போனார். உனக்கு நாலு வயது. “மூணே மாசம் மச்சான், ஒரு சரக்கு வேலை” என்றார். நான்தான் பாய் ஏற்றினேன், நான்தான் அங்கே இறக்கிவிட்டேன். அங்கே இன்னொரு குசினி, இன்னொரு தொட்டில் என்று ஆகிவிட்டது. அக்கா, உன் அம்மா, என்மேல் பழி போடவில்லை. தோணி வரும்போதெல்லாம் வாசலுக்கு வந்து, இறங்கியது நான் ஒருவன்தான் என்று எண்ணிவிட்டு உள்ளே போவாள். அவள் வீட்டிலிருந்து இன்னொரு ஆளை ஏற்றிவிடும் வேலை மறுபடி என் கைக்கு வந்தபோது கை பின்வாங்கிவிட்டது. இது சமாதானம் இல்லை. நீ அப்பா இல்லை. ஆட்டம் முடிந்தால் வீட்டுக்கு வருகிறவள். ஆளைப் பார்த்துப் பயந்தேன், பந்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் ஏற வேண்டிய நொடியில் ஏறாமல் நின்றவன் நான்.

இந்தத் தடவை உன் பேருக்கே அழைப்பு அனுப்பியவர்கள் ஆட்டத்தோடு ஆபீஸ் வேலையும் தருகிறார்களாம். கால் இருக்கும்வரை ஆடு. சுவரில் உட்கார்ந்திருப்பவர்கள் மதராசிலும் இருப்பார்கள், இங்கிலீஷில் கத்துவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஜெபமணிக்காக நீ ஏற்ற பழி சரிதான். ரிப்பன் கட்டுகிறவளைக் காட்டிக்கொடுக்காதே. ஆனால் தெரிந்தே நின்றவனுக்காக ஏற்காதே. என்னைத் திட்டி எழுது. பக்கம் போதாவிட்டால் உறையிலும் எழுது. நான் வாசலில் பலகையைக் கழற்றிவிட்டேன். அடுப்பு எரிக்கத்தான் லாயக்கு என்று அக்கா வாங்கிக்கொண்டாள்.

ஒரு விஷயம் மிச்சம். முதல் வருஷம் முடிந்து ஒரு கல்யாண வீட்டில், உள்ளே அரித்தது தாங்காமல், கதையில் ஒரு துண்டு சேர்த்தேன். கோச்சம்மா கிட்டைக் காட்டச் சொன்னார்கள், நான் பையைக் கவிழ்த்தேன், திசைகாட்டிக்குப் பதிலாக உன் பூட்ஸ் இரண்டும் விழுந்தன என்று. பந்தலே அதிர்ந்தது. நீ மட்டும் சிரிக்காமல், “அம்மாவக் காப்பாத்த மாமா கத அளக்காவ” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாய். அன்று வீட்டுக்கு வந்ததும் அக்கா என்னைத் தனியே கேட்டாள்: “ஏலே, நெசமாவே பூட்ஸ் ஒன் பையிலதான் இருந்துச்சா?” “ஆமாக்கா” என்றேன். “எனக்காவ நீ பொய் சொல்ல வேண்டாம்ல” என்று சொல்லி என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

திமிங்கிலம் பொய். சல்யூட் பொய். ஸ்டீமர் கம்பெனிக்கு மனு போட்டது பொய். தந்தியை வாசித்த மறு நொடியே எந்தக் கேப்டன் என்று எனக்குத் தெரியும். கப்பல் புகைபோக்கி, மூன்று நாடுகள், ஒரு வாளி கண்ணீர், எல்லாம் பொய். அத்தனை பெரிய கதையில் யாரும் நம்பாத அந்தச் சின்னத் துண்டு மட்டும் உண்மை. பூட்ஸ் இருந்தால் எப்படியாவது கிளம்பிவிடுவாய் என்று ஆணியிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டவன் நான். திரும்பி வந்து விறகுக்குப் பின்னால் செருகியவனும் நான். உன் அம்மா தொடவில்லை. வாசல்வரை நீ தூக்கி வந்தாயே, அந்தக் கனம் திசைகாட்டி இல்லை பிலோமி. முதல் தபால் கார்டை அவளுக்குப் போடு.

உன் மாமா